தனியாக ஆடும் விளையாட்டுக்கும் கட்டாய கிளையன்ட் எதற்கு?

தாழ்ப்பாள்:

சென்ற வாரம் ஒரு விளையாட்டை விலை கொடுத்து வாங்கினேன். தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே ஆடும் கதை விளையாட்டு அது. அதில் எதிராளியோ குழுவோ தரவரிசையோ இல்லை. பதிவிறக்கம் முடிந்து திறந்தபோது விளையாட்டு வரவில்லை. அதை வெளியிட்ட நிறுவனத்தின் லாஞ்சர் (விளையாட்டைத் திறக்க உதவும் தனி மென்பொருள், கிளையன்ட் என்பதும் இதையே) தன்னைத்தானே நிறுவிக்கொண்டு, புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கச் சொன்னது. மின்னஞ்சல், பிறந்த தேதி, நாடு ஆகிய மூன்றையும் கொடுத்த பிறகே முதல் காட்சி ஓடியது.

இரவு ஆட்டத்தை மூடிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். விளையாட்டு அடங்கியிருந்தது, ஆனால் லாஞ்சரின் மூன்று செயல்முறைகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை கணினியை இயக்கியதும், நான் எதையும் தொடுவதற்கு முன்பே அவை மீண்டும் வந்து நின்றன. அதன் பிறகுதான், படிக்காமல் ஒப்புக்கொண்ட உரிம ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன். வன்பொருள் விவரம், நிறுவப்பட்டுள்ள மற்ற மென்பொருள்கள், கணினியைப் பயன்படுத்தும் முறை ஆகியவற்றைத் திரட்டும் உரிமையை நான் கொடுத்திருக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது.

என் கேள்வி இதுதான்: மறுத்தால் வாங்கிய பொருளே கிடைக்காது என்ற நிலையில் பெறப்படும் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

களமாடி:

நண்பர் தாழ்ப்பாளின் எரிச்சல் புரிகிறது, ஆனால் கிளையன்ட் என்பதையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு விளையாட்டுக்குத் திருத்தம் வந்தால், அதை யாரோ நடத்தும் இணையதளங்களில் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அங்கே கிடைத்த கோப்பில் திருத்தம் இருந்ததா, நல்ல நிரல்போல் வேடமிட்ட டிரோஜன் இருந்ததா என்பது நிறுவிய பிறகுதான் தெரியும். 2004 நவம்பரில் 'ஹாஃப்-லைஃப் 2' வெளிவந்தபோது, கடையில் வட்டாக வாங்கியவர்களும் தன் இணைய விளையாட்டுக் கடையும் கிளையன்ட்டுமான ஸ்டீமில் கணக்கு தொடங்கியே ஆக வேண்டும் என்று வால்வ் நிறுவனம் விதித்தது. அன்று எழுந்த கோபம் சிறியதல்ல. இன்று அதே ஸ்டீமைப் பெரும்பாலானோர் வசதி என்றே கருதுகிறார்கள், காரணம் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமின்றி எல்லோருக்கும் போய்ச் சேருகின்றன.

நான் போட்டி ஆட்டங்கள் ஆடுபவன். சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டும் மென்பொருளுடன் எதிரணியில் ஒருவர் நுழைந்தால், மற்ற ஒன்பது பேரின் மாலைப்பொழுதும் வீணாகிறது. அதைத் தடுக்க என் கணினியில் ஒரு காவலாளி இருக்க வேண்டும் என்றால் நான் இடம் கொடுப்பேன். உங்கள் குடும்பப் படங்களைப் பார்ப்பதில் எந்த விளையாட்டு நிறுவனத்துக்கும் அக்கறை இருக்காது.

நுண்ணோக்கி:

அக்கறை இருக்காது என்பது நம்பிக்கை. நடந்தவை வேறு மாதிரி இருக்கின்றன.

2011ல் 'பேட்டில்ஃபீல்ட் 3' ஆட்டத்துக்கு ஈஏ நிறுவனம் ஒரிஜின் கிளையன்ட்டைக் கட்டாயமாக்கியபோது, கணினியின் விவரங்களைத் திரட்ட இடம் தந்த அதன் ஒப்பந்த வாசகத்துக்கு எதிராக ஜெர்மனியில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. உளவு பார்க்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆனாலும் வாசகத்தை மாற்றியது. அந்த அளவுக்குத் தேவையில்லாத உரிமையை முதலில் ஏன் எழுதி வாங்கினார்கள் என்பதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

2019 மார்ச்சில் எபிக் கேம்ஸ் லாஞ்சர், ஸ்டீம் தன் பயன்பாட்டுக்காகக் கணினியில் வைத்திருக்கும் ஒரு கோப்பை, பயனரைக் கேட்பதற்கு முன்பே நகலெடுத்து வைப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். பயனர் ஒப்புக்கொண்டால் மட்டுமே நண்பர் பட்டியல் விவரம் அனுப்பப்படுகிறது என்று நிறுவனம் விளக்கியது. அனுமதிக்கு முன் அந்தக் கோப்பைத் தொட்டிருக்கக் கூடாது என்பதையும், அவசரப்படுத்தியது தன் தவறே என்பதையும் அதன் தலைவர் டிம் ஸ்வீனி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் பயனர்கள் தோண்டிப் பார்த்திருக்காவிட்டால் அது வெளியே வந்திருக்காது.

களமாடி, நீங்கள் சொன்ன காவலாளிக்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2013 ஏப்ரலில், ஈஎஸ்ஈஏ (ESEA) என்ற போட்டி ஆட்டத் தளத்தின் ஏமாற்றுத் தடுப்பு கிளையன்ட், அதை நிறுவியிருந்தவர்களின் கணினிகளில் அவர்களுக்குத் தெரியாமல் பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தை ஈட்டும் சுரங்க வேலையைச் செய்துகொண்டிருந்தது தெரியவந்தது. ஒரு பணியாளர் செய்த வேலை என்றது நிறுவனம். ஏறத்தாழ 14,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில அரசு வழக்கு தொடுத்து, அதே ஆண்டு நவம்பரில் 10 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. ஆட்டத்தில் நேர்மையைக் காக்க அனுமதிக்கப்பட்ட மென்பொருள்தான் அந்த வேலையைச் செய்தது.

வேலிக்கல்:

கணினி நிர்வாகம் என் தொழில், ஆகவே தனியுரிமையை நண்பர்களுக்கு விட்டுவிட்டுப் பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நிறுவனம் கெட்டதா நல்லதா என்பதே எனக்கு இரண்டாம் பட்சம். நல்ல நோக்கத்தோடு எழுதிய மென்பொருளிலும் ஓட்டை இருக்கும். அது எந்த உயரத்து அதிகாரத்தோடு ஓடுகிறது என்பதே அந்த ஓட்டையின் விலையைத் தீர்மானிக்கிறது.

2012 ஜூலையில் யூபிசாஃப்டின் யூபிளே கிளையன்ட் உலாவியில் ஒரு செருகுநிரலை (உலாவியோடு சேர்ந்து ஓடும் துணை நிரலை) வைத்திருந்தது. எந்த இணையப் பக்கமும் அதன் வழியாக உங்கள் கணினியில் ஒரு நிரலை இயக்க முடியும் என்று கூகுளின் பாதுகாப்புப் பொறியாளர் டேவிஸ் ஓர்மண்டி காட்டினார். திருத்தம் விரைவாக வந்துவிட்டது. ஆனால் விளையாட வந்தவர் உலாவியில் செருகுநிரல் வேண்டும் என்று கேட்கவே இல்லை. 2016ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' ஆட்டத்துக்கு ஏமாற்றுத் தடுப்புக்காக வந்த ஒரு டிரைவர் (இயங்குதளத்தின் அடிமட்டத்தில் ஓடும் நிரல்), கணினியில் ஓடும் எந்த நிரலுக்கும், எல்லா அதிகாரமும் உள்ள இயங்குதள மையமான கெர்னலின் கதவைத் திறந்துவிட்டது. கேப்காம் அதைத் திரும்பப் பெற்றது.

இவை இரண்டையும் விட என்னை உறுத்துவது 'கென்ஷின் இம்பேக்ட்' டிரைவர் கதை. அதன் ஏமாற்றுத் தடுப்பு டிரைவர் முறையான மின்னணுக் கையொப்பம் பெற்றது, ஆகவே விண்டோஸ் அதைச் சந்தேகிக்காது. 2022 ஆகஸ்டில் டிரெண்ட் மைக்ரோ வெளியிட்ட ஆய்வின்படி, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று அந்த டிரைவரைத் தன்னோடு சுமந்து வந்து, தாக்கப்பட்ட கணினியில் நிறுவி, அதன் அதிகாரத்தைக் கொண்டு ஆன்டிவைரஸைக் கொன்றுவிட்டுக் கோப்புகளைப் பூட்டியது. அந்தக் கணினியில் விளையாட்டு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒரு விளையாட்டுக்காகச் செய்த சாவி, அந்த விளையாட்டின் பெயரைக்கூடக் கேள்விப்படாத அலுவலகத்தின் பூட்டையும் திறந்தது. "எனக்குச் சம்மதம், என் கணினி, என் விருப்பம்" என்று களமாடி சொல்லும்போது, இந்தப் பக்கத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

களமாடி:

வேலிக்கல் ஐயா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கப் போவதில்லை. ஆனால் கெர்னலுக்கு முதலில் போனவர்கள் ஏமாற்றுக்காரர்கள்தான். அவர்களுடைய மென்பொருள் கெர்னலில் உட்கார்ந்துகொண்டு, மேலே இருந்து தேடும் காவலாளிக்குப் பொய்யான விவரத்தைக் காட்டுகிறது. 'வேலரன்ட்' ஆட்டத்தோடு 2020ல் வந்த வேன்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், கணினி தொடங்கும்போதே தானும் தொடங்குவது இதற்காகத்தான்: தனக்கு முன் வேறு எதுவும் ஏறி உட்கார்ந்துவிடவில்லை என்று உறுதி செய்ய வேறு வழி கிடையாது. அதில் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 1,00,000 டாலர் வரை பரிசு தருவதாக அதை உருவாக்கிய ரியாட் நிறுவனம் அறிவித்தது. வேண்டாம் என்பவர் அதை அணைத்துவைக்கலாம், ஆட்டத்துக்கு முன் கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும்.

நிறுவனங்களில் இருக்கும் பாதுகாப்பு மென்பொருளும் கெர்னலில்தான் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அதற்காகப் பாதுகாப்பு மென்பொருளே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே?

வேலிக்கல்:

யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த நிகழ்வுக்குப் பிறகு, இத்தகைய மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வழிகளை மைக்ரோசாஃப்ட் வகுக்கத் தொடங்கியது. ஆபத்து உண்டு என்று ஒப்புக்கொண்டு அதைக் குறைக்கப் பார்ப்பது ஒன்று, ஆபத்து எல்லா இடத்திலும் இருக்கிறதே என்று அமைதியடைவது வேறொன்று.

தாழ்ப்பாள்:

விவாதம் போட்டி ஆட்டங்களின் பக்கம் போய்விட்டது. பத்துப் பேர் சேர்ந்து ஆடும் இடத்தில் களமாடி சொல்வதற்கு அடிப்படை உண்டு. அதை நான் மனதார ஏற்கிறேன். என் விளையாட்டில் நான் ஏமாற்றினால் ஏமாறுபவனும் நானே. அங்கே எந்தக் காவலாளிக்கும் வேலை கிடையாது.

நுண்ணோக்கி:

அதையே கேட்டு ஒரு புகார் பதிவாகியிருக்கிறது. 2025 ஏப்ரலில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த நாய்ப் (noyb) என்ற தனியுரிமை அமைப்பு, யூபிசாஃப்ட் மீது புகார் அளித்தது. 'ஃபார் க்ரை பிரைமல்' ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டு. அதைத் திறந்து பத்து நிமிடம் ஆடுவதற்குள், வெளியே உள்ள சர்வர்களை அது 150 முறை தொடர்புகொண்டதாக அந்தப் புகார் சொல்கிறது.

இன்னொன்று, கணக்குகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு கட்டாயக் கணக்கும் நம் மின்னஞ்சலும் பிறந்த தேதியும் கிடக்கும் இன்னொரு கிடங்கு. 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஊடுருவியவர்களால் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின. 2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீமின் தற்காலிகச் சேமிப்பு அமைப்பில் ஏற்பட்ட பிழையால், ஒருவரின் கணக்குப் பக்கம் முன்பின் தெரியாத மற்றொருவருக்குத் திறந்தது. ஏறத்தாழ 34,000 பேரின் விவரங்கள் அப்படி வெளிப்பட்டிருக்கலாம் என்று வால்வ் கூறியது. கேட்டு வாங்காத பிறந்த தேதியை எந்தத் திருடனாலும் எடுத்துச் செல்ல முடியாது.

களமாடி:

150 தொடர்புகள் என்பதால் 150 ரகசியங்கள் போயின என்று பொருளாகாது. ஆட்டம் எந்த இடத்தில் நின்றுபோகிறது, எந்த கிராஃபிக்ஸ் அட்டையில் தடுமாறுகிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவருகிறது. அதனால்தான் திருத்தமும் வருகிறது. அந்தத் தொடர்புகளுக்குள் என்ன இருந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா?

வேலிக்கல்:

முடியாது. அவை குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆகவே அனுப்புகிறவர்தான் என்ன அனுப்புகிறார் என்று நமக்குக் காட்ட வேண்டும். "ஆட்டம் நின்றுபோனது, அறிக்கை அனுப்பலாமா?" என்று ஒரு பெட்டி வந்தால் நான் ஒவ்வொரு முறையும் 'சரி' என்றே அழுத்துவேன். கேட்காமல் எடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

புதுவரவு:

இத்தனையும் படித்த பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணினிதான். விளையாட்டை நிறுத்தாமல் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

வேலிக்கல்:

உண்டு. ஆட்டங்களுக்கென்று நிர்வாகி அதிகாரம் இல்லாத ஒரு தனிப் பயனர் கணக்கை விண்டோஸில் தொடங்குங்கள். உங்கள் ஆவணங்களும் வங்கி வேலையும் மற்றொரு கணக்கில் இருக்கட்டும். லாஞ்சர் தானாகத் தொடங்குவதை நிறுத்துங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைத்து, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஜிஓஜி போன்ற கடையில் அதே விளையாட்டு கிடைத்தால் அங்கே வாங்குங்கள். நிறுவும் கோப்பையே தருவார்கள், கிளையன்ட் கட்டாயமில்லை. ஒன்றை மறைக்கக் கூடாது: கெர்னல் டிரைவர் வைக்கும் விளையாட்டுக்கு இந்தத் தனிக் கணக்கு தடுப்பாகாது, எல்லாக் கணக்குகளுக்கும் அடியில்தான் அது இருக்கிறது. வீட்டுக்கே ஒரு கணினி என்னும்போது அத்தகைய ஆட்டத்தை நான் நிறுவ மாட்டேன்.

களமாடி:

இதனோடு ஒன்று சேர்க்கிறேன். வாங்கியவர்கள் சேர்ந்து பேசினால் நிறுவனங்கள் கேட்கின்றன. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' ஆட்டத்தைக் கணினியில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைக்க வேண்டும் என்று சோனி விதித்தது. அந்தக் கணக்கே கிடைக்காத நாடுகளில் அந்த ஆட்டத்தை விற்றும் இருந்தார்கள். எதிர்ப்பு எழுந்த சில நாட்களில் விதி கைவிடப்பட்டது. அப்போது எதிர்த்து எழுதியவர்களில் நானும் ஒருவன்.

தாழ்ப்பாள்:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். லாஞ்சரை ஃபயர்வாலில் தடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் ஆட்டம் ஓடியது. மூன்றாம் நாள், இணைப்பு இல்லாமல் உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லித் திறக்க மறுத்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், ஆடிய நேரம் வரம்பைக் கடந்துவிட்டது என்றார்கள். சரி என்று எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, என் கணக்கையும் அதிலுள்ள விவரங்களையும் அழிக்கும்படி வெளியீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். நான்தான் அந்தக் கணக்கின் உரிமையாளர் என்று உறுதி செய்வதற்கு, அரசு அடையாள அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. கணக்கைத் தொடங்கும்போது மின்னஞ்சலும் பிறந்த தேதியும் நாடும் போதுமானவையாக இருந்தன.

களமாடி:

அனுப்பாதீர்கள். இதை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே எழுதுகிறேன், அதற்கே ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பை அனுப்புங்கள் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 12ஆம் பிரிவில், அடையாளத்தில் நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டுமே கூடுதல் விவரம் கேட்கலாம் என்று இருக்கிறது. அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் அந்த வரியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கடிதத்தின் வாசகத்தை இங்கே இடுங்கள், சேர்ந்து திருத்தித் தருகிறோம்.

தாழ்ப்பாள்:

நன்றி. இன்றிரவு எழுதி இடுகிறேன்.