உதவி: ஸ்ட்ராட்டஜி பேட்டர்ன் போட்டும் ரிட்டர்ன் பில் தப்பா வருது (அவசரம்)

ஈக்காட்டு_ராஜா · இரவு 9:52

மக்களே வணக்கம். எங்க பில்லிங் சாஃப்ட்வேர்ல ஒரு இடத்துல கை வச்சா நாலு இடத்துல புட்டுக்குது. இப்ப ரிட்டர்ன் தப்பா வருதுன்னு ஒரு கஸ்டமர் கத்தறார். கோடு கேவலமா இருக்கறதாலதான்னு, டாக்ஸ் கணக்கு எல்லாத்தையும் பிரிச்சு ஸ்ட்ராட்டஜி பேட்டர்ன்ல (ஒவ்வொரு கணக்கு முறையையும் தனி கிளாஸா வைக்கற டிசைன்) எழுதினேன். ஸ்லாபுக்கு, அதாவது ஒவ்வொரு வரி விகிதத்துக்கும், ஒரு கிளாஸ். கோடு பாக்க அழகா இருக்கு, வர்ற பதில் அதே தப்பு. ஸ்ட்ராட்டஜிக்கு பதிலா ஃபேக்டரி (ஆப்ஜெக்ட் உருவாக்கறதைத் தனியா வைக்கற பேட்டர்ன்) போட்டிருக்கணுமா, இல்ல ரெண்டையும் சேத்தா? அப்படியே சாஃப்ட்வேர் டிசைன் ஒழுங்கா கத்துக்க எங்க ஆரம்பிக்கணும்னும் சொல்லுங்க. நாளைக்குக் காலையில கடை திறக்கறதுக்குள்ள வேணும்.

செமிகோலன் · 9:58

எந்த லாங்குவேஜ்? எந்த டேட்டாபேஸ்? தப்புன்னா தொகை தப்பா, எர்ரர் வருதா, பிரிண்டே வரலையா? ரிட்டர்ன்னா சரக்கு திரும்பி வர்றதா, ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் பண்றதா?

கிளவுட்_கந்தன் · 10:03

ப்ரோ, இது அக்மார்க் மோனோலித் (எல்லாம் ஒரே நிரலா இருக்கற) பிரச்சனை. பில்லிங், டாக்ஸ், ஸ்டாக் மூணையும் தனித்தனி சர்வீஸா பிரிச்சுடுங்க. அப்புறம் ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு நிக்கும். சேதியை வரிசையா கடத்தற ஈவன்ட் க்யூ ஒண்ணு நடுவுல வச்சுட்டா போதும்.

மடிப்பாக்கம்_மணி · 10:06

கந்தன், அவர் காலையில கடை திறக்கறதுக்குள்ளன்னு கேக்கறார். இப்ப ஃபங்ஷன் கால்ல இருக்கற தப்பு உங்க யோசனைப்படி நெட்வொர்க் கால்ல இருக்கும், அவ்ளோதான் வித்யாசம். மழை நாள்ல கடையில நெட் போச்சுன்னா பில்லே போட முடியாது, அது போனஸ்.

ராஜா, ஆபீஸ்ல எத்தனை டெவலப்பர்? டெஸ்ட் ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா?

மூத்த_நிரலர் · 10:19

தம்பி, எந்தப் பேட்டர்ன் போடலாம் என்று நீ கேட்பது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று சொல்லாமல் எந்த நிற மாத்திரை நல்லது என்று கேட்பது போல இருக்கிறது. இப்போதெல்லாம் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறீர்கள்.

1972இல் டேவிட் பார்னாஸ் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். சில பக்கங்கள்தான், யாரும் படிப்பதில்லை. வாசகங்களை வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் சொல் சொல்லாகச் சுழற்றி, அகரவரிசைப்படுத்தி அச்சிடும் ஒரு சின்ன நிரல். அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதத்தில் படிப்பது ஒரு மாட்யூல் (நிரலின் தனிப் பகுதி), சுழற்றுவது ஒன்று, அடுக்குவது ஒன்று, அச்சிடுவது ஒன்று. வேலை நடக்கும் வரிசையிலேயே பிரிப்பது. நம்மில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் பிரிப்போம். ஆனால் அந்த வாசகங்களை நினைவகத்தில் வைக்கும் முறையை மாற்ற வேண்டி வந்தால் ஏறக்குறைய எல்லா மாட்யூலையும் தொட வேண்டியிருக்கும். இரண்டாவது விதத்தில், பின்னாளில் மாறக்கூடிய முடிவுகள் எவை என்று முதலில் பட்டியல் போட்டு, ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வைத்தார். சேமிக்கும் முறை மாறினால் தொட வேண்டியது ஒரே இடம்.

நீ ஸ்லாபுக்கு ஒரு கிளாஸ் எழுதியிருக்கிறாய். 5, 18 எல்லாம் வெறும் எண்கள். எண்ணுக்கு எதற்கப்பா கிளாஸ்? அரசு ஸ்லாபைத் தூக்கினால் கிளாஸைத் தூக்குவாயா? உன் நிரலில் எது மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டு வா, பேசலாம்.

ஈக்காட்டு_ராஜா · 10:31

பிஹெச்பி, மைஎஸ்கியூஎல். மூணு பேர். டெஸ்ட் எல்லாம் இல்ல சார். தொகைதான் தப்பு. சரக்கு ரிட்டர்ன்.

ஃப்ளோட்_எதிரி · 10:34

தெரிஞ்சுபோச்சு. தொகையை ஃப்ளோட்ல (தசம எண்ணைத் தோராயமா வைக்கற வகை) வச்சிருக்கீங்க. பிஹெச்பில 0.1 கூட்டல் 0.2 போட்டு எக்கோ பண்ணுங்க, 0.3ன்னு பவ்யமா காட்டும். அதையே வார்_டம்ப் (மதிப்பை முழுசா காட்டற கட்டளை) பண்ணுங்க, 0.30000000000000004ன்னு வரும். எக்கோ 14 இலக்கத்தோட சுருக்கிடும், அதனால கண்ணுல படாது. இன்னும் மோசம்: 0.1 கூட்டல் 0.7, அதை 10ஆல பெருக்கி ஃப்ளோர் (கீழ இருக்கற முழு எண்ணுக்கு இறக்கறது) போட்டா 8 வரணும், 7 வரும். இது பிஹெச்பி கையேட்டுலயே எச்சரிக்கையா போட்டிருக்கு. எல்லாத்தையும் பைசாவா மாத்தி முழு எண்ணா வைங்க. பிரச்சனை தீர்ந்தது.

செமிகோலன் · 10:37

எவ்வளவு தப்புன்னு இன்னும் அவர் சொல்லவே இல்லையே. பைசா கணக்குல தப்பா, நூத்துக்கணக்குல தப்பா?

ஆடிட்டர்_பொண்ணு · 10:41

நான் கோடு எழுதறவ இல்ல, ஆனா பைசான்னதும் சொல்லணும். ஐட்டத்துக்கு ஐட்டம் ரவுண்டு பண்ணிட்டுக் கூட்டறதும், கூட்டிட்டுக் கடைசியில ரவுண்டு பண்றதும் ஒரே தொகையா வராது. உங்க சாஃப்ட்வேர் பில் போடறப்ப ஒரு மாதிரியும் ரிட்டர்ன்ல இன்னொரு மாதிரியும் பண்ணுதான்னு பாருங்க.

ஃப்ளோட்_எதிரி · 10:43

அதுக்கும் மூலம் ஃப்ளோட்தான்.

மடிப்பாக்கம்_மணி · 10:44

இல்லீங்க. பைசாவை முழு எண்ணா வச்சாலும் 18% போட்டா அரை பைசா வரத்தான் செய்யும். அதை எங்க தள்ளறதுங்கறது தனி முடிவு. அப்புறம் மைஎஸ்கியூஎல்ல டெசிமல் டைப் இருக்கறப்ப இருக்கற டேபிளை எல்லாம் எதுக்கு பைசாவுக்கு மாத்தணும்?

ஃப்ளோட்_எதிரி · 10:47

டேபிள்ல டெசிமலா இருந்து என்ன, பிஹெச்பிக்குள்ள வந்து பெருக்கினதும் ஃப்ளோட் ஆயிடுதே. முழு எண் வச்சா யாரும் அறியாம தப்பு பண்ண முடியாது.

மடிப்பாக்கம்_மணி · 10:49

100ஆல வகுக்க மறந்தவனோட பில்லை நான் பாத்திருக்கேன், அதனால சொல்றேன்.

தரமணி_தேவி · 10:55

ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. ராஜா தம்பி, கோடை மூடி வை. தப்பா வந்த ஒரே ஒரு பில்லை எடு. பில் தேதி என்ன, ரிட்டர்ன் தேதி என்ன, என்ன பொருள், பில்லுல எவ்வளவு, ரிட்டர்ன்ல எவ்வளவு? இந்த அஞ்சும் இங்க போடு. மீதியை அப்புறம் பேசலாம்.

ஈக்காட்டு_ராஜா · 11:08

அக்கா, கொத்தவால்சாவடி மொத்தக்கடை. நெய் டின். பில் 2025 ஆகஸ்ட், ரிட்டர்ன் அக்டோபர். அடிப்படை விலை 9000. பில்லுல 10080. ரிட்டர்ன்ல 9450 காட்டுது. 630 ரூபா எங்கன்னு கேக்கறாங்க.

தரமணி_தேவி · 11:14

630 ரூபா ஃப்ளோட்ல போகாது. கணக்கைப் பாரு. 9000க்கு 1080 வரி, அது 12%. ரிட்டர்ன்ல 450 வரி, அது 5%. நெய்க்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து 12லேர்ந்து 5 ஆச்சு. ஆகஸ்ட்ல வித்ததுக்கு வாங்கின வரியைத்தான் திருப்பித் தரணும். உன் ரிட்டர்ன் ஸ்க்ரீன் இன்னைய ரேட்டைப் போடுது.

அதாவது ரிட்டர்ன் கணக்கு, ரேட்டை ப்ராடக்ட் மாஸ்டர்லேர்ந்து (பொருள் பட்டியல் டேபிள்) எடுக்குது. செப்டம்பர்ல யாரோ மாஸ்டர்ல 12 இருந்த இடத்துல 5ன்னு மேலயே எழுதிட்டாங்க. சரியா?

ஸ்ட்ராட்டஜி போட்டதால ஒண்ணும் மாறாததுக்குக் காரணம் இதுதான். 12க்கு ஒரு கிளாஸ், 5க்கு ஒரு கிளாஸ்னு நீ எவ்வளவு அழகா எழுதினாலும், எந்த கிளாஸைக் கூப்பிடணும்னு சொல்ற எண்ணே மாஸ்டர்லேர்ந்து 5ன்னுதான் வருது. உன் ஃபங்ஷன் “பொருளைக் குடு, வரியைச் சொல்றேன்”னு எழுதியிருக்கும். அது “பொருளையும் தேதியையும் குடு”ன்னு இருந்திருக்கணும். தேதி கேக்காத ஃபங்ஷனுக்கு, ரேட் மாறும்ங்கற விஷயமே தெரியாது.

பில் ஐட்டம் டேபிள்ல அன்னைக்குப் போட்ட ரேட்டை சேமிக்கிறீங்களா?

ஈக்காட்டு_ராஜா · 11:20

இல்லக்கா. பொருள், எண்ணிக்கை, விலை மட்டும்தான். பில் டேபிள்ல மொத்தத் தொகை இருக்கு. மாஸ்டர்ல ரேட் மாத்தினது நான்தான், எல்லாப் பொருளுக்கும் ஒரே க்வெரியில.

மூத்த_நிரலர் · 11:24

மாறக்கூடிய முடிவு எது என்று கேட்டேனே, அதைத்தான் அவர் இப்போது சொல்லியிருக்கிறார். கொஞ்சம் பொறுமையாகப் படித்திருந்தால் 10:19க்கே முடிந்திருக்கும்.

செமிகோலன் · 11:26

சார், நீங்க 1972ஐ சொன்னீங்க. அவங்க பில்லைக் கேட்டாங்க.

ஓஎம்ஆர்_ஓட்டுநர் · 11:29

இதுல ராஜாவைச் சொல்லி என்ன பிரயோஜனம்? காலேஜ்ல 23 பேட்டர்னையும் பேர் பேரா மனப்பாடம் பண்ண வச்சாங்க. சோழிங்கநல்லூர்ல எந்த இன்டர்வியூக்குப் போனாலும் சிங்கிள்டன் (ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் உருவாகற பேட்டர்ன்) எழுதுங்கன்னுதான் முதல் கேள்வி. ஒருத்தராவது, இந்த பில்லு ஏன் தப்பா இருக்குன்னு ஒரு பேப்பரை நீட்டினாங்களா? பேட்டர்ன் தெரிஞ்சா வேலை, அப்ப பேட்டர்ன்தான் போடுவான்.

அடைப்புக்குறி_பிரியன் · 11:33

அந்த 23 வந்தது 1994ல, டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்துல. உதாரணம் எல்லாம் சி++, ஸ்மால்டாக். அதுல 16, லிஸ்ப், டைலன் மாதிரி மொழிகள்ல ரொம்ப எளிமையாயிடும், இல்ல கண்ணுக்கே தெரியாம போயிடும்னு கணினி விஞ்ஞானி பீட்டர் நார்விக் எப்பவோ சொல்லிட்டார். ஸ்ட்ராட்டஜின்னா என்ன? ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்பறது. அதுக்கு ஒரு இன்டர்ஃபேஸ், அஞ்சு கிளாஸ், ஒரு ஃபோல்டர்.

மடிப்பாக்கம்_மணி · 11:36

பிஹெச்பிலயும் ஃபங்ஷனை அனுப்பலாம் பாஸ். இதுக்காக யாரும் லிஸ்ப் கத்துக்க வேண்டியதில்ல.

ஓஎம்ஆர்_ஓட்டுநர் · 11:37

பேட்டர்ன் பேரே வேணாம்னு நான் சொல்லல. டீம்ல ஒருத்தர் “இங்க ஒரு அடாப்டர்”னா மத்தவனுக்குப் புரியுது, அது லாபம்தானே.

அடைப்புக்குறி_பிரியன் · 11:40

புரியறதுக்குப் பேர் போதும். கிளாஸ் எதுக்கு?

கிளவுட்_கந்தன் · 11:41

டாக்ஸ் தனி சர்வீஸா இருந்திருந்தா தேதி கேக்கற ஏபிஐ தானா வந்திருக்கும்.

மடிப்பாக்கம்_மணி · 11:41

வந்திருக்காது.

தரமணி_தேவி · 11:52

பேட்டர்ன் சண்டைக்குத் தனி இழை போடுங்களேன், நானும் வரேன். ராஜா, இன்னைக்கு ராத்திரிக்கு வேண்டியது மட்டும் சொல்றேன்.

செப்டம்பர் 22க்கு முந்தின பேக்கப் ஒண்ணைத் தேடு. அதுல பழைய மாஸ்டர் இருக்கும். புதுசா ஒரு ரேட் டேபிள்: பொருள், விகிதம், எந்தத் தேதியிலிருந்து. பழைய ரேட்டையும் புது ரேட்டையும் அதுல ரெண்டு வரிசையா போடு. இனிமே யாரும் பழசு மேல எழுதக் கூடாது, புது வரிசை மட்டும் சேக்கணும். ரேட் வேணும்னா ஒரே ஒரு ஃபங்ஷன், பொருளும் தேதியும் கேக்கும். ரிட்டர்ன் ஸ்க்ரீன் அதுக்கு அனுப்ப வேண்டியது மூலப் பில்லோட தேதி, இன்னைய தேதி இல்ல.

நாளைக்கு மறுநாள் நிதானமா, பில் ஐட்டம் டேபிள்ல விகிதத்துக்கும் வரித் தொகைக்கும் ரெண்டு காலம் (column) சேத்துக்கோ. பில் அடிச்ச நிமிஷத்துல என்ன போட்டோமோ அது அங்கயே உறைஞ்சு கிடக்கட்டும். விலையை அப்படித்தானே வச்சிருக்க? மாஸ்டர்ல விலை மாறினா பழைய பில் மாறுதா? ரேட்டுக்கும் அதே மரியாதை.

டெஸ்ட் இல்லன்னியே, உங்கிட்ட நிறைய இருக்கு. பழைய பில் எல்லாத்துலயும் மொத்தத் தொகை சேமிச்சிருக்கீங்க இல்ல? புது ஃபங்ஷனை வச்சு ஒவ்வொரு பழைய பில்லையும் திரும்பக் கணக்குப் போட்டு, சேமிச்ச தொகையோட ஒத்துப் பாக்கற ஸ்க்ரிப்ட் ஒண்ணு எழுது. இருவது வரிகூட வராது. ஒத்துக்காததை மட்டும் பிரிண்ட் பண்ணட்டும். இதை லைவ் டேட்டாபேஸ்ல ஓட்டாதே, காப்பி எடுத்து ஓட்டு.

டிசைன் எங்க கத்துக்கறதுன்னு கேட்டியே, அந்த ஸ்க்ரிப்ட் கையில இருந்தா தைரியமா கோடைப் பிரிச்சுப் பாக்கலாம், உடைஞ்சா உடனே தெரியும். எனக்கு அப்படித்தான் வந்தது. மூத்தவர் சொன்ன கட்டுரையையும் படி, நல்ல கட்டுரைதான். அவர் சொன்ன விதத்தை மட்டும் மறந்துடு.

ஆடிட்டர்_பொண்ணு · 11:58

தேவி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. 9450ன்னு ஏற்கெனவே கொடுத்த கிரெடிட் நோட்டை (ரிட்டர்னுக்குத் தர்ற வரவுச் சீட்டு) சாஃப்ட்வேர்ல பேசாம திருத்திடாதீங்க. மாச ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் ஆகியிருந்தா ரெண்டும் ஒத்துப் போகாது. கடைக்காரரோட ஆடிட்டர்கிட்ட சொல்லிட்டு அப்புறம் கை வைங்க.

ஈக்காட்டு_ராஜா · அதிகாலை 4:37

பேக்கப் கிடைச்சுது. 10080 வருது. ஸ்ட்ராட்டஜி ஃபோல்டரைத் தூக்கிட்டேன். ஸ்க்ரிப்ட் ஓட்டினேன், பெரும்பாலும் ஒத்துப்போச்சு, கொஞ்சம் பில் மட்டும் ஒரு ரூபா வித்யாசம் காட்டுது. நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. தூங்கப் போறேன்.

ஃப்ளோட்_எதிரி · காலை 7:15

ஒரு ரூபா!! நான் என்ன சொன்னேன்?

ஆடிட்டர்_பொண்ணு · 8:02

நான் சொன்ன ரவுண்டிங்காவும் இருக்கலாமே.

தரமணி_தேவி · 8:20

ராஜா, எழுந்ததும் ஒண்ணு பாரு. அந்த ஒரு ரூபா எல்லா பில்லுலயும் ஒரே பக்கமா இருக்கா, சிலதுல கூடவும் சிலதுல குறைவாவும் இருக்கா? அந்த பில்லுல எல்லாம் ஐட்டம் நிறையவா? ஒண்ணு ரெண்டு சாம்பிள் இங்க போடு.

செமிகோலன் · மாலை 6:44

ராஜா?