கட்டுரையை எந்த நீளத்தில் நிறுத்துவது?

அன்பு நண்பர்களே, கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள சிவப்புப் பள்ளிவாசலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1908இல் தொடங்கி அடுத்த ஆண்டே கட்டி முடித்த கட்டடம். சிவப்பும் வெள்ளையுமாக மாறிமாறி ஓடும் வரிகளுக்கும் மாதுளை வடிவக் குவிமாடங்களுக்குமே 600 சொற்கள் போய்விட்டன. அவற்றில் கைவைக்க மனம் வரவில்லை. அதைக் கட்டுவித்த தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் கதையையும் சேர்த்தால் 1,500ஐத் தாண்டிவிடும். பஸ்ஸில் நின்றபடி கைபேசியில் படிப்பவர் அவ்வளவு தூரம் கூடவே வருவாரா? இரண்டு பகுதிகளாகப் பிரிக்கவும் விருப்பமில்லை. வணிகர்கள் இல்லாமல் அந்தக் கட்டடம் ஏது?

நீங்கள் எதை வைத்து நீளத்தை முடிவு செய்கிறீர்கள்? வரைவை வாசித்து, எங்கே அலுப்புத் தட்டுகிறது என்று யாராவது குறித்துத் தந்தால் பேருதவியாக இருக்கும்.