ஃபோல்டர் போடும் பழக்கம் இனியும் வேண்டுமா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
எங்கள் பனியன் கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு செல்போன் அத்துப்படி. கம்ப்யூட்டரில் ஃபைலை எங்கே சேவ் செய்தாய் என்றால் முழிக்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும் பையர் மெஷர்மென்ட் சார்ட்டை, அதாவது உடையின் அளவுப் பட்டியலை, மூன்று தடவை மாற்றி அனுப்பியிருப்பார். மூன்றும் டவுன்லோட்ஸில் ஒரே பெயரில், பின்னால் 1, 2 என்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். கட்டிங் மாஸ்டர் கைக்குப் பழையது போனால் துணி மொத்தமும் வீண். பையர், சீசன், ஸ்டைல் நம்பர் என்று ஃபோல்டர் போடக் காலேஜிலேயே கட்டாயம் பழக்க வேண்டும்.

பீளமேடு கோடர்:
இல்லைங்கண்ணா. 1981-ல் ஜெராக்ஸ் ஸ்டார் என்ற ஆபீஸ் கம்ப்யூட்டர் வந்தபோது, மேஜை மேல் இருக்கும் காகிதம், ஃபோல்டர், தபால் தட்டு எல்லாம் திரையில் படமாக நின்றன. காகிதத்தில் வேலை பார்த்துப் பழகிய ஆபீஸ்காரர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. இந்தப் பிள்ளைகள் அந்த மேஜையையே பார்த்ததில்லை. திரையை மேஜையாகக் காட்டும் உருவகம் அன்றைக்கே இடித்தது: ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் ஃபிளாப்பி டிஸ்க்கை வெளியே எடுக்க, அதன் படத்தைக் குப்பைத்தொட்டிக்கு இழுப்பார்கள்! உள்ளே இருப்பது அழிந்துவிடுமோ என்று யாருக்கும் பயம் வரும். ஸ்டைல் நம்பரை அடித்துத் தேடினால் போதும்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
தேடினால் மூன்று சார்ட்டும்தான் வரும், தம்பி. எது கடைசி? 2007-ல் ஐபோன் ஃபோல்டரே கண்ணில் படாமல்தான் வந்தது. 2017-ல் ஆப்பிளே அதில் ஃபைல்ஸ் ஆப்பைக் கொண்டுவந்து வைத்தது. தேவை இல்லாமலா?

பவானி கம்ப்யூட்டர் டீச்சர்:
ஃபோல்டரை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில், மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட் அதைக் காட்டியபோது மேஜைப் படம் எதுவும் இல்லை. கட்டளையை மனப்பாடம் செய்யாமல், கண்ணால் பார்த்ததைச் சுட்டி நகர்த்தலாம் என்பதுதான் பெரிய விஷயம். என்னிடம் டேலி என்ற கணக்கு மென்பொருள் படிக்க வரும் பெண்களிடம், ஒரு ஃபைலை இழுத்து வேறு ஃபோல்டரில் போடச் சொல்வேன். அது இங்கிருந்து போய் அங்கே இருப்பதைப் பார்த்த பிறகுதான் 'சேவ்' என்பதே அவர்களுக்குப் பிடிபடுகிறது. அதனால் நான் மெர்ச்சண்டைசர் பக்கம்.

பீளமேடு கோடர்:
சரிங்க அக்கா, சுட்டி நகர்த்துவதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எது கடைசி சார்ட் என்று காட்டுவது மென்பொருளின் வேலை. அதைப் புதுப் பையன் தலையில் கட்டுவது நியாயமில்லை. பையர் ஒரே லிங்கில் சார்ட்டை வைத்து அதையே திருத்தினால் இந்தக் குழப்பமே வராது.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
எங்கள் பையர்கள் இன்னும் மெயிலில் இணைத்துத்தான் அனுப்புகிறார்கள். அவர்களை நீ மாற்று, தம்பி. அதுவரை என் செக்‌ஷனில் ஃபோல்டர்தான்.