புதுப்பிப்பு: நரம்பறிவியல் படிக்க கும்பகோணத்தை விட்டுப் போகணுமா?

மூளையும் நரம்புகளும் எப்படி வேலை செய்கின்றன என்று படிக்கும் துறைக்காக, போன ஜூனில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தேன். பாதிப் பேர் பெங்களூரு போகச் சொன்னீர்கள். அப்பா குறுவைக்கு விதைநெல் வாங்கவே திண்டாடிய நேரம். இங்கேயே விலங்கியலில் சேர்ந்துவிட்டேன். சரியான முடிவுதான். இளங்கலையிலேயே நரம்பறிவியல் தரும் கல்லூரிகள் நம் நாட்டில் குறைவு. விலங்கியல், உயிர்வேதியியல், உளவியல் படித்துவிட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

கறிக்கடையில் வாங்கிய ஆட்டுமூளையை ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறவைத்து, இறுகியதும் ஆய்வகத்தில் நடுவே வெட்டினோம். சிறுமூளைக்குள் வெள்ளை இழைகள் மரக்கிளை மாதிரி பிரிந்து நின்றன. கண்ணை எடுக்கவே முடியவில்லை.

அப்புறம், கணக்கு. நரம்பில் மின்துடிப்பு எப்படி உண்டாகிறது என்று, கணவாய் மீனின் நரம்பை வைத்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1952இல் எழுதிய சமன்பாடுகளில் சிக்கி நிற்கிறேன். அதற்கு வேண்டிய வகையீட்டுச் சமன்பாடு சொல்லித்தருவதாகச் சொன்ன திருவையாற்று அக்கா, ஞாயிற்றுக்கிழமை வரலாமா?