சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் வாசிக்கிற மல்லாரியைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் எழுதுங்கள்

குத்தாலத்தான்:
எங்கள் ஊர்த் திருவிழாவில் சுவாமி புறப்பாடு ராத்திரி பதினோரு மணிக்குத்தான். மேளக்காரர்கள் ஒன்பது மணிக்கே வந்து மடப்பள்ளித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். சுக்குக் காப்பி கொடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். தவில்காரப் பெரியவர் வலது கை விரல்களில் ஒவ்வொன்றாகக் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்தது, தொட்டால் கல் மாதிரி இருந்தது. இடது கைக்குப் பூவரசங் கழி. நாயனக்காரர், நாகஸ்வர முனையில் செருகி ஊதுகிற சீவாளியை வாயில் ஊறவைப்பார், எடுத்து விளக்கில் பார்ப்பார், திரும்ப வாயில் வைப்பார். மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்தது. மற்ற இரண்டும் நூலில் தொங்கின.

“திருவாவடுதுறை சீவாளிங்களா?”

“வேற எங்க தம்பி!”

சுவாமி வாசலைத் தாண்டியதும் மல்லாரி. கம்பீரநாட்டை ராகம். அதில் பாடுவதற்கு வார்த்தையே கிடையாது, தாளக்கட்டுதான் எல்லாம். தவிலுக்கு இரண்டடி தள்ளி நடந்தேன். அதன் வலது முகமான வலந்தலையில் விழுந்த ஒவ்வொரு அடியும் என் நெஞ்செலும்பில் கேட்டது. யூடியூபில் எத்தனையோ தடவை கேட்ட மல்லாரிதான், ஆனால் இந்த அதிர்வு அதில் வராது.

வடக்கு வீதி முக்கில் வாகனத்தை இறக்கினார்கள். நாயனக்காரர் தோடி ராகம் எடுத்தார். பத்து நிமிஷம் போயிருக்கும், ஜெனரேட்டர் நின்றுவிட்டது. தெருவே இருட்டு, இரண்டு தீவட்டி மட்டும். வாசிப்பு நிற்கவில்லை. அந்த இரைச்சல் அடங்கின பிறகுதான் சீவாளியில் மூச்சு உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. மேல் ஸ்தாயியில் ஒரே சுரத்தைப் பிடித்து நின்றார். முழங்கையிலிருந்து வியர்வை சொட்டி ரோட்டில் விழுந்தது. லைட்காரப் பையன் டீசல் கேனோடு ஓடிவந்தான். திண்ணையிலிருந்த ஆச்சி ஒருத்தி, “கொஞ்சம் பொறுய்யா, அவர் முடிக்கட்டும்” என்றாள். அவனும் கேனைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டான்.

வெண்ணாற்றங்கரை:
படிக்கும்போதே சிலிர்க்கிறது அண்ணே. நான் பார்த்தது வேறு மாதிரி. மச்சான் கல்யாணத்தில், ஒரு மண்டபத்தில், மேடையில் நாயனத்தில் நல்ல கரகரப்பிரியா ராகம் போய்க்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். நாயனக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சீவாளி செருகுகிற சின்னக் குழாயான கெண்டையிலிருந்து அதை உருவித் துடைத்துக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பந்தி முடிந்ததும் போய், “விட்ட இடத்திலிருந்து வாசிப்பீங்களா ஐயா?” என்று கேட்டேன். தவில்காரரைக் கூப்பிட்டார். காலி நாற்காலிகளுக்கு நடுவே நானும் சமையல்காரர்கள் நாலு பேரும் அரைமணி நேரம் கேட்டோம்.

மன்னார்குடி வாத்தியார்:
ஆடுதுறைப் பக்கம் போகிறவர்கள் நரசிங்கம்பேட்டையில் ஒரு தடவை இறங்குங்கள். நாயனம் கடைகிற ஊர். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி நீளமான, சுருதி இறங்கின பாரி நாயனம் செய்துகொடுத்தது இங்கேதான். அதற்கு முன்னால் இருந்த திமிரி நாயனம் குட்டையானது, சுருதி ஏறினது. பாரியில்தான் சுத்த மத்தியமம் என்கிற ‘ம’ சுரம் சுத்தமாகப் பேசும். நான் போனபோது பட்டறையில் ஆச்சா மரக்கட்டை அடுக்கியிருந்தது. எல்லாம் பழைய வீடு பிரித்தபோது வாங்கிய உத்தரம். பச்சை மரம் ஆகாதாம், வருஷக்கணக்கில் காய்ந்திருக்க வேண்டுமாம். எந்தக் கூடத்தைத் தாங்கின மரமோ என்று நினைத்துக்கொண்டே அதைத் தடவிப்பார்த்தேன். கடைந்து முடித்த உலவு என்கிற குழல் ஒன்றில் ஆசாரி சீவாளி வைத்து, ‘ச’ என்கிற ஷட்ஜத்தை மட்டும் ஊதிக் காட்டினார். தகரக்கூரையே கூடச் சேர்ந்து ஊதின மாதிரி இருந்தது.

குத்தாலத்தான்:
ஐயா, எங்கள் ஊருக்கு வந்தவரும் நரசிங்கம்பேட்டை வாத்தியம்தான் வைத்திருந்தார். ஐப்பசி கடைசி நாள் காவிரியில் நீராடுகிற கடைமுழுக்குக்கு மயிலாடுதுறை வருகிறாராம். அங்கே துலாக்கட்டப் படித்துறையில் மேளத்துக்குப் பக்கத்திலேயே நிற்பேன். ரெண்டு பேரும் வாங்க.