அலாரம் அலறாமல் மீன் பொரிக்க: மதுரைப் பக்கமிருந்து புதிதாகப் போனவர்களுக்கு

வெளிநாடு போன புதிதில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் முதலில் கைவிடுவது மீனைத்தான். மசாலா தடவிக் கல்லில் போட்டால் பொடி கருகும், புகை மூளும், வீட்டுக்குள் மாட்டியிருக்கிற புகை அலாரம் அலறும் என்று பயம். அதற்காக அலாரத்தைப் பையால் மூடுவதோ பேட்டரியைக் கழற்றுவதோ வேண்டவே வேண்டாம். உயிர் காக்கிற பொருள் அது. காரத்தையும் புளிப்பையும் கல்லுக்குப் போகவிடாமல், வெந்த மீனின் மேல் பச்சையாக வைத்துவிடுங்கள். அங்கே எளிதாகக் கிடைக்கிற அவகாடோ, அதாவது நம்ம பட்டர் ஃப்ரூட், இதற்கு அருமையாகப் பொருந்தும்.

முதலில் மீன். மதுரை கரிமேடு மீன் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு, தலையில்லாத துண்டுகளைப் பார்த்தால் எதை வாங்குவது என்றே தெரியாது. சதை விரலுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், நாற்றம் இருக்கக் கூடாது, தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி, மலேசியாவில் சியாகாப் என்று விற்பது நம்ம கொடுவாதான். திலாப்பியா என்பது நம்ம ஜிலேபிக் கெண்டை. சால்மனும் இந்த முறைக்கு நன்றாக வரும். செதில் எடுத்து, தோலோடு கேளுங்கள். உறைந்த மீனென்றால் முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இந்தச் சமையலில் முக்கால் பங்கு ஈரத்தைத் துடைப்பதுதான். பேப்பர் டவலால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் மீன் பொரியாது, அவியும். தோல் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். உப்பும் மிளகுத்தூளும் போதும், அதுவும் கல்லில் போடும் நேரத்தில். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும் என்பதால் ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஒரு கரண்டி ஊற்றுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் இண்டக்‌ஷனிலும் சூடாகும். அலுமினியச் சட்டி சூடாகாது.

எண்ணெய் நெளிய ஆரம்பித்ததும் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். தோல் சுருங்கி வளையப் பார்க்கும்; கரண்டியால் பத்து நொடி லேசாக அழுத்துங்கள். அப்புறம் தொடவே கூடாது. ஓரத்தில் சதை கீழிருந்து வெள்ளையாகி மேலே ஏறிவரும். முக்கால் உயரம் ஏறியதும் கரண்டியை அடியில் விட்டுப் பாருங்கள். தோல் முறுகியிருந்தால் தானாகவே விட்டுக்கொடுக்கும், ஒட்டினால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். திருப்பிய பிறகு ஒரு நிமிடம் போதும். நடுச்சதை இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது.

மேலே வைப்பதற்கு: பழுத்த பட்டர் ஃப்ரூட்டைச் சிறு சதுரங்களாக வெட்டி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, விதை நீக்கிய தக்காளி, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்துப் பதமாகப் பிரட்டுங்கள். சின்ன வெங்காயத்தின் விலை மலைக்க வைத்தால் சிவப்பு வெங்காயம் போதும். மசித்துவிடாதீர்கள், கடிபட வேண்டும். கொஞ்சம் வறுத்த சீரகத்தூள் தூவினால் நம்ம நாக்குக்கு இன்னும் நெருங்கிவரும். கல்லிலிருந்து மீனை எடுத்தவுடன், முறுகிய தோல் மேலே இருக்கும்படி தட்டில் வைத்து, இதைப் பக்கவாட்டில் சரித்து வையுங்கள். தோலின் மேல் கொட்டினால் மொறுமொறுப்பு போய்விடும்.

பழம் கல் மாதிரி இருக்கிறது என்று வாடிப்பட்டித் தம்பி கேட்டிருந்தார். பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். பேப்பர் பையில் வாழைப்பழத்தோடு போட்டு வெளியே வையுங்கள், இரண்டு மூன்று நாளில் இளகிவிடும். பழுத்தபின் ஃபிரிட்ஜுக்கு மாற்றலாம். ஹாஸ் ரகம் பழுக்கும்போது தோல் கருக்கும். அதை அழுகல் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தாண்டிக்குடி, கொடைக்கானல் பக்கமிருந்து மதுரைக்கு வரும் பழத்தைப் பாலும் சீனியும் போட்டு ஜூஸாகத்தான் பெரும்பாலும் குடித்திருப்போம். ஹாஸில் கொழுப்பு கூடுதல், உப்பும் எலுமிச்சையும் அதற்கு நன்றாக ஏறும்.

இன்னும் விமானம் ஏறாதவர்கள் ஊரிலேயே கொடுவாவோ விளைமீனோ வாங்கி, அம்மா பக்கத்தில் நிற்கும்போதே ஒருமுறை செய்து பாருங்கள்.

மீந்த மீனை அலுவலக மைக்ரோவேவில் மட்டும் சூடாக்காதீர்கள், வாடை அறை முழுக்க நிற்கும். ஆறிய மீனை உதிர்த்து, எலுமிச்சை பிழிந்து, பிரெட்டுக்குள் வைத்து எடுத்துப் போங்கள்.