ஒரு கிளிக்கா, ரெண்டு கிளிக்கா? உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்க

முருகேஷ்பாளையா வாசி:
அம்மா தவறி எட்டு மாசம் ஆச்சு. அப்பாவை ஆம்பூர்லேருந்து பெங்களூருக்குக் கூட்டிட்டு வந்து எங்ககூடவே வச்சிருக்கேன். பகல்ல பொழுது போகட்டும்னு பழைய டெஸ்க்டாப்ல அம்மா போட்டோ எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, "ரெண்டு தட்டு தட்டுங்கப்பா, திறக்கும்"னு சொல்லிட்டு ஆபீஸ் போயிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தா, தேதி தேதியா நான் வச்சிருந்த பேர் ஒண்ணுகூட இல்ல. ஒரு தட்டு, நிதானமா இன்னொரு தட்டு, அதுவும் படத்துக்குக் கீழ இருக்கிற பேர் மேல. என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், பேர் மாத்துற கட்டம் வந்து நிக்கும். "என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க"ன்னு கத்திட்டேன்.

"பேர் கேட்டுச்சுப்பா. அடிச்சேன்"னார்.

எல்லாப் படத்துக்கும் அம்மா பேர். அதே பேர் ஏற்கெனவே இருக்கு, பக்கத்துல 2 போடட்டுமா, 3 போடட்டுமான்னு விண்டோஸ் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கு. இவரும் சரி சரின்னு கொடுத்துக்கிட்டே 41 வரைக்கும் போயிருக்கார், ஒத்தை விரலால. அம்மாவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே கிடையாது. நான் கத்தினது இன்னும் மனசுல அறுத்துக்கிட்டே இருக்கு.

அல்சூர் மருமகள்:
படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு அண்ணா. எங்க வீட்டுல கதை நேர் எதிர். எங்க அத்தை ஒரு கார்மெண்ட்ஸ் ஆபீஸ்ல கணக்கு எழுதினவங்க. அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் வகுப்புல டபுள் கிளிக்னு மனசுல பதிஞ்சுபோச்சு, அதனால எதையும் ரெண்டு தட்டுதான். வெப்சைட்ல இருக்கிற பட்டனைக்கூட. போன மழைக்காலத்துல கரண்ட் பில் கட்டுறப்போ அதே மாதிரி டக்டக்குன்னு தட்டிட்டாங்க. பேங்க்லேருந்து ரெண்டு எஸ்எம்எஸ், ரெண்டுலயும் ஒரே தொகை. அத்தை போனை என் கையில கொடுத்துட்டு, "நான் சரியாத்தானேம்மா தட்டினேன்?"னு கேட்டாங்க. சரியாத்தான் தட்டியிருக்காங்க, அவங்க படிச்சபடி. பணம் அடுத்த பில்லுல கழிஞ்சுது, ஆனா அன்னையிலேருந்து அவங்க தானா எதுவும் கட்டுறதில்ல.

அண்ணா, அப்பாவுக்குக் கொஞ்சம் வேகமாத் தட்டப் பழக்குங்க. நாலு நாள்ல வந்துடும்.

பழைய புரோகிராமர்:
மேல சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். வயசானவரை ஏன் வேகமாத் தட்டச் சொல்லணும்? விண்டோஸ்ல நாம மாத்தாத வரைக்கும் ரெண்டு தட்டுக்கும் நடுவுல அரை செகண்டுதான் அவகாசம், 500 மில்லிசெகண்ட். அதுக்குள்ள மவுஸ் நாலஞ்சு பிக்சல் நகர்ந்தாலும் டபுள் கிளிக்னு எடுத்துக்காது. கை லேசா நடுங்கினாலே போச்சு. எங்க மாமா இப்படித்தான் ஒரு ஃபோல்டரை இழுத்து இன்னொண்ணுக்குள்ள போட்டுட்டு, காணோம்னு ரெண்டு நாள் தேடினார். என் கதை அவ்வளவுதான்.

இந்த ரெண்டு தட்டு எங்கேருந்து வந்துதுன்னு தெரிஞ்சா அப்பா மேல கோபம் வராது. 1983-ல வந்த ஆப்பிள் லிசா, 1984-ல வந்த மேக்கிண்டாஷ், ரெண்டு கம்ப்யூட்டருக்கும் மவுஸ்ல ஒரே ஒரு பட்டன். அந்த ஒத்தைப் பட்டனை வச்சே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கணும், திறக்கவும் செய்யணும். அதனால ஒரு தட்டுன்னா தேர்வு, ரெண்டு தட்டுன்னா திறப்பு. அதுக்கு முன்னாடி 1981-ல வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டர்ல கீபோர்டுலயே 'திற'ங்கிறதுக்குத் தனி கீ வச்சிருந்தாங்க. மவுஸால தொட்டுட்டு அந்தக் கீயை அமுக்கினாப் போதும், வேகமே தேவையில்ல. வெப் வந்தப்புறம் லிங்க்னா ஒரே தட்டுன்னு ஆச்சு. அந்தப் பழக்கத்தை விண்டோஸ் 98 ஃபோல்டருக்கும் கொண்டுவந்து, ஒரே கிளிக்ல திறக்கிற வசதியைக் கொடுத்தது. லினக்ஸ்ல ஓடுற கேடிஈங்கிற டெஸ்க்டாப் மென்பொருள் ரொம்ப வருஷம் ஒரே கிளிக்லயே நின்னுட்டு, 2024-ல அதோட பிளாஸ்மா 6 பதிப்பு வந்தப்போ ரெண்டு கிளிக்குக்கு மாறிடுச்சு. இதைச் செய்றவங்களுக்குள்ளேயே இன்னும் முடிவு ஆகல, நாம பெரியவங்களைக் குறை சொல்றோம்.

அதனால அண்ணா, கண்ட்ரோல் பேனல்ல மவுஸ் பகுதிக்குப் போய் டபுள் கிளிக் வேகத்தைக் குறைங்க. ஐகானைப் பெருசாக்குங்க, பேர் மேல கை படாது. இல்லேன்னா ஃபோல்டர் ஆப்ஷன்ல ஒரே கிளிக் வைங்க. அதுவும் ஒத்துவரலேன்னா ஒரு தட்டு தட்டிட்டு எண்டர். தங்கச்சி, உங்க அத்தை மேல துளி தப்பில்ல. முதல் கிளிக்லயே பட்டனை முடக்கணும், ஒரே பில்லுக்கு ரெண்டாவது தடவை கேட்டா சர்வர் ஏத்துக்கவே கூடாது. அதைச் செய்யாதவங்க தப்பு அது.

பீன்யா வாசி:
எல்லாரும் கையையே சொல்றீங்க, மவுஸையும் பாருங்க. உள்ள இருக்கிற ஸ்விட்ச் தேஞ்சுட்டா ஒரு தட்டையே ரெண்டா அனுப்பும். ஒரு இன்வாய்ஸைத் தேர்ந்தெடுக்கப் போனா அது பாட்டுக்குத் திறந்துக்கும். எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னே ஒரு மாசம் நினைச்சுட்டு இருந்தேன். எஸ்.பி. ரோட்டுல புது மவுஸ் வாங்கி மாட்டின அன்னைக்கே சரியாச்சு. அண்ணா, உங்க மவுஸ் எத்தனை வருஷத்துது?

முருகேஷ்பாளையா வாசி:
மவுஸ் புதுசுதான் தம்பி. ஒரே கிளிக் வச்சுப் பார்த்தேன், அப்பாவுக்கு அதுவும் பிடிக்கல. மேல கொண்டுபோய் நிறுத்தினாலே படம் தேர்வாயிடுது, "நான் தொடவே இல்ல, அதுவாப் புடிச்சுக்குது"ங்கிறார். இப்போ ஒரு தட்டு, அப்புறம் எண்டர். எண்டர் மேல என் பொண்ணு ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வச்சிருக்கா.

படங்களோட பேரை நான் திரும்ப மாத்தல. நேத்து ராத்திரி ஆபீஸ்லேருந்து வந்து செருப்பைக் கழட்டுறேன், உள்ளேருந்து கூப்பிடுறார்: "இங்க வாப்பா, 17-ஐப் பாரு. உன் காதுகுத்து."